மில் நின்ற ஏழாவது செக்கன்

என் அண்ணன் கேதீஸ்வரனை வெட்டிக் கொன்றவன் ஜெயசுதன். பெயரைக் கடைசிவரை ஒளித்துவைத்து இழுத்தடிக்கிற பழக்கம் எனக்கில்லை. அப்படிக் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜெயசுதன் பக்கத்துக் காணிக்காரன். வெட்டினான், வேலிக்குள்ளால் புகுந்து தன் வீட்டுக்குப் போய்க் குளித்தான், உடுத்திருந்த சாரத்தை மாற்றினான், அண்ணியின் கூக்குரல் கேட்டதும் முதல் ஆளாக ஓடிவந்து அண்ணனைத் தூக்கி ஓட்டோவில் போட்டான். சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் நின்று தலையில் அடித்து அழுதான். கண் இரண்டும் கொவ்வைப்பழமாகச் சிவந்திருந்தன. "கூடப்பிறந்தவன்கூட உப்பிடி அழமாட்டான்" என்று சனம் சொன்னது. நானும் அதைப் பார்த்து நெஞ்சு உருகி, அவனுக்கு ஒரு சோடாப் போத்தல் வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சோடாவை நினைத்தால் இப்போதும் என் கையை நானே வெட்டிப்போடலாம் போல இருக்கும்.

அண்ணனின் உடம்பில் பதினான்கு வெட்டு. வலது கையில் மூன்று விரல் இல்லை. அண்ணி தக்சாயினிதான் அவற்றை மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் தேடிப் பொறுக்கி, சோறு கட்டுகிற லஞ்ச் சீற்றில் சுற்றி, அடுத்த ஓட்டோவில் கொண்டுவந்தாள். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு வாங்கிவைத்தார். அதற்கு முன்பே அண்ணன் முடிந்துபோயிருந்தான்.

அந்தக் கிழமை தென்மராட்சிப் பக்கம் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்த கும்பல் ஒன்று இரண்டு வீடுகளில் புகுந்து வாளால் வெட்டியிருந்தது. இது மூன்றாவது என்று ஊர் முடிவு கட்டியது, பொலிசும் அதையே எழுதிக்கொண்டது. ஜெயசுதனை ஒருவரும் நினைக்கவில்லை. அவனுக்கும் அண்ணனுக்கும் வேலிச் சண்டை இருந்தது உண்மைதான். வேலிச் சண்டை இல்லாத காணி யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? ஒவ்வொரு மாரிக்கும் வேலிக் கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தள்ளி நடுவது அவன் வழக்கம். அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, காணி அளக்கிற சேவையரைக் கூட்டிவந்து எல்லைக்கல் நட்டான். ஜெயசுதன் மகளுக்குச் சீதனமாகக் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் ஒரு சுவர் முழுதாக அண்ணனின் காணிக்குள் நின்றது. பிறகு இரண்டு பேரும் கோயிலில் வைத்துக் கதைத்துச் சமாதானமாகிவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

என் பெயர் சிவகௌரி. கொக்குவிலில், ரயில் பாதைக்கு ஒட்டின மாதிரி, வீட்டு முன்னறையில் கடை வைத்திருக்கிறேன். கொம்பியூட்டர் திருத்துவேன், கமரா பூட்டுவேன், செத்த ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கலியாணப் படங்களைத் தோண்டி எடுத்துக் கொடுப்பேன். வாய் கொஞ்சம் நீளம். அதனால் பாதி வாடிக்கையாளர் ஓடிவிட்டார்கள், மீதிப் பாதி என்னிடம் பேச்சு வாங்கவே வருகிறார்கள் என்று அண்ணன் சொல்வான்.

அண்ணனின் மில் மட்டுவிலில் இருக்கிறது. மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல்மா எல்லாம் அரைக்கிற மில். போன வருடம் இரண்டு மூட்டை செத்தல் மிளகாய் களவு போன பிறகு நான்தான் அங்கே கமரா பூட்டினேன். பதிவுப் பெட்டியை எதிர்ச் சுவரில் வைக்கச் சொன்னேன். என் சொல்லை அவன் பிறந்த நாளிலிருந்து கேட்டதில்லை. நான் அவனுக்கு ஐந்து வயது இளையவள் என்பதால் என் பிறந்த நாளிலிருந்து என்று சொல்லவேண்டும். மில் மோட்டர் இருக்கிற சுவரிலேயே, ரீவீக்கு டிஷ் பெட்டி வைத்திருந்த அதே தட்டில், கமராவுக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்தான். ஒரு கிழமையில் ரெலிபோன் வந்தது.

"உன்ரை கமரா பழுது பிள்ளை. பகல் முழுக்க ஒண்டும் பதியேல்லை."

போய்ப் பார்த்தேன். இரவு பதிந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் பதிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பதிந்திருந்தது. மில் ஓடுகிற நேரம் மட்டும் வெறுமை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் பைக்குள் கிடந்த ஒரு செத்த ஹார்ட் டிஸ்க்கின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த கண்ணாடி போன்ற வட்டையும், அதன்மேல் நீண்டு நின்ற மெல்லிய கையையும் அவனுக்குக் காட்டினேன்.

"இந்தக் கையின்ரை நுனியிலைதான் எழுதிற தலை இருக்கு. வட்டு செக்கனுக்குத் தொண்ணூறு தரம் சுத்தும். இதிலை வளையம் வளையமாத் தடம் கிடக்கு. உன்ரை தலைமயிர் ஒண்டின்ரை அகலத்துக்குள்ளை ஆயிரம் தடம். அதிலை ஒரு தடத்துக்கு நடுவிலை பிசகாமல் நிண்டு எழுதோணும்."

"கண்ணில்லாமல் எப்பிடி நிக்கும்?"

"தடத்திலை இடைக்கிடை அடையாளம் இருக்கு. கொம்பனியிலேயே போட்டு அனுப்புறான், பேந்து ஒருத்தரும் அழிக்கேலாது. தலை அந்த அடையாளத்தை ஒவ்வொண்டா வாசிச்சு, நடுவிலை நிக்கிறனோ, ஒரு பக்கம் சரிஞ்சிட்டனோ எண்டு பாத்துக்கொண்டே இருக்கும். சரிஞ்சால் கையின்ரை அடியிலை இருக்கிற செப்புச் சுருளுக்குக் கரண்ட் கூடிக் குறைஞ்சு, கையை இழுத்து நடுவுக்குக் கொண்டுவரும். செக்கனுக்கு இருபதாயிரம் தரம்."

அண்ணன் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப சேவையர் நட்ட கல்லுத்தான்" என்றான்.

"ஓம், அதுதான். ஆனா உன்ரை மில் ஆட்டுற ஆட்டத்திலை, ஒருக்காத் திருத்தி முடிய முதல் அடுத்த ஆட்டம் வருது. அப்ப தலை எழுதாது. எழுதினால் பக்கத்துத் தடத்திலை ஏறி அங்கை கிடக்கிறதை அழிச்சுப்போடும். அதாலை எழுதாமலே நிண்டிடும்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பக்கத்துக் காணிக்குள்ளை காலை வைக்கமாட்டுதாம். சுதனை உதிட்டைப் படிக்க விடோணும்."

நான் மில்லைப் போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தேன். நிறுத்திய பிறகும் அந்தப் பெரிய சில்லு கொஞ்சம் சுற்றி அடங்கவேண்டும். சரியாக ஏழு செக்கனில் பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கத் தொடங்கும், அப்போதுதான் பதிவு. தட்டை எதிர்ச் சுவருக்கு மாற்று என்றேன். நேரமில்லை என்றான். கள்ளன் மில் ஓடுகிற நேரத்திலா வருவான் என்று கேட்டான். எனக்கு ஏறிவிட்டது.

"விசர் அண்ணை, உன்னை வெட்டினாலும் உது பதியாது. ஆரும் வெட்ட வந்தா முதல் மில்லை நிப்பாட்டு. ஏழு செக்கன் பொறு. பிறகு சா."

சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தட்டு நாலு ஆணியில் நின்றது. பத்து நிமிட வேலை, நானே கழற்றி மாற்றியிருக்கலாம். கோபத்தில் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நாலு மாதத்தில் அவன் வெட்டுப்பட்டான். பின்னேரம் நாலு மணி. மில் ஓடிக்கொண்டிருந்ததால் அலறல் ஒருவருக்கும் கேட்கவில்லை. அண்ணி தேத்தண்ணி கொண்டுபோனபோது மில் நின்றுவிட்டிருந்தது, மில்லைப் போட்டு நிறுத்துகிற ஸ்ராட்டருக்குக் கீழே அண்ணன் கிடந்தான். ஸ்ராட்டரின் சிவப்புப் பொத்தானில் கை முழுதாகப் பதிந்த இரத்தம். அவன் முதல் வெட்டு வாங்கியது தராசடியில். தராசுக்குப் பின்னால் மூன்றே எட்டில் பின்கதவு, திறந்தே கிடக்கிற கதவு. ஸ்ராட்டர் அதற்கு நேர் எதிர்ப் பக்கம், எட்டு எட்டுத் தூரம். இரத்தம் தராசடியிலிருந்து ஸ்ராட்டருக்குத்தான் போயிருந்தது. ஏன் கதவுப் பக்கம் ஓடவில்லை என்று பொலிஸ் கேட்டது, ஊர் கேட்டது. "சாகேக்கையும் மில் சும்மா ஓடுதெண்டுதான் பாத்திருக்கிறார்" என்று அண்ணி மார்பில் அடித்துக்கொண்டாள். மில் வைத்திருக்கிறவர்களுக்கு அது கைப்பழக்கம், வெறும் மில்லை ஓடவிடமாட்டார்கள் என்று நானும் சொன்னேன்.

தட்டில் பெட்டி இல்லை. வயரெல்லாம் பிய்ந்து தொங்கியது. "கமராப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போட்டாங்கள்" என்று ஜெயசுதன்தான் பொலிசுக்குக் காட்டிக்கொடுத்தான். பொலிசும் அதை எழுதிக்கொண்டு போனது.

எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள் மில்லைக் கழுவப் போனேன். வேறு ஒருவருக்கும் அந்த இரத்தத்தைத் தொட மனம் வரவில்லை. காய்ந்த இரத்தமும் மிளகாய்த்தூளும் சேர்ந்து பிடித்திருந்ததை இரும்புத் தகட்டால் சுரண்டினேன். தும்மித் தும்மி, அழுது அழுது, மூட்டைகளை இழுத்தபோது, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் தலைகீழாக ஒரு கறுப்புப் பெட்டி கிடந்தது. என் பெட்டி. நான் பூட்டிய பதிவுப் பெட்டி. அப்படியென்றால் கொண்டுபோனது எதை? தட்டில் பார்த்தேன். டிஷ் பெட்டியைக் காணவில்லை. கொலைகாரன் சனியன் ரீவீப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். எட்டு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். இரத்தத் தரையில் குந்தியிருந்து தனியாகச் சிரித்தேன்.

பெட்டியைப் பொலிசுக்குக் கொடுத்திருக்கவேண்டும். தெரியும். கொடுத்தால் கொழும்புக்கு அனுப்புவார்கள், அது எப்போது திரும்பி வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. வெட்டியவனின் முகம் அதற்குள் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு உடனே தெரியவேண்டும். அண்ணிக்கு மட்டும் சொல்லிவிட்டுக் கொண்டுவந்தேன். அண்ணி பாவம், ஆறுதல் சொல்ல வந்த ஜெயசுதனுக்குச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலையில் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுத்தேன். டிக், டிக், டிக் என்று அடித்தது. தட்டிலிருந்து விழுந்ததில் தலை பழுதாகிவிட்டது. அடையாளத்தை வாசிக்கமுடியாமல், கை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்ப் போய் முட்டிக்கொண்டு வந்தது. வட்டில் கீறல் இல்லை, அது ஒன்றுதான் நல்ல காலம். என் கடைக் கமராவில் இருப்பதும் அதே மாதிரி டிஸ்க், ஒரே பெட்டியில் வந்த இரட்டை. அதைக் கழற்றினேன். தூசி வடிகட்டி பூட்டிய கண்ணாடிக் கூட்டுக்குள் கையை விட்டு, மூச்சை அடக்கி, நல்ல தலையை எடுத்து இதில் மாற்றினேன். கொழும்பு ரயில் போய் வீடு அதிர்ந்து அடங்கும்வரை காத்திருந்தேன். பஞ்சு மெத்தையில் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். ஒரு முறை டிக் என்றது. இரண்டாம் முறை இல்லை. மெல்லிய உறுமலோடு சுற்றத் தொடங்கியது. தலை அடையாளத்தைக் கண்டுபிடித்துவிட்டது. "நில்லடி, என்ரை ராசாத்தி, ஆடாமல் நில்" என்று டிஸ்க்கோடு கதைத்தேன். கொலை நடந்த நாளின் பகுதியை முதலில் பிரதி எடுக்கவிட்டேன். பிரதி போனது ஒரு எஸ்.எஸ்.டி.க்கு. சவர்க்காரக் கட்டி அளவு, சுற்றுகிற வட்டும் கிடையாது, ஆடுகிற தலையும் கிடையாது. மேசை முழுக்கச் சாமான் கிடந்ததால் அதை மேசைக்கு அடியில் ரேப்பால் ஒட்டியிருந்தேன்.

அந்த நாளின் பகுதி ஏறி முடிந்து மிச்சம் ஓடிக்கொண்டிருக்க, பத்தரை மணிக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஜெயசுதன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"என்ன பிள்ளை, உதிலை ஏதும் தெரியுதோ?"

"இப்பதான் ஓடுது சுதன் அண்ணை. இருங்கோ. மேசையை மட்டும் முட்டாதேங்கோ."

இருத்தினேன். தண்ணியும் கொடுத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவன் எனக்குப் பின்னால் கதிரையை இழுத்துப் போட்டான். திரையில் அண்ணன் வந்தான். உயிரோடு வந்தான். மூன்று நாற்பத்தொன்றுக்கு ஒரு மூட்டையை அவிழ்த்தான், மிளகாயைப் பெட்டியில் கொட்டினான், முதுகைச் சொறிந்தான், பச்சைப் பொத்தானை அழுத்தினான். படம் உறைந்தது, கட்டம் கட்டமாக உடைந்தது, கறுத்தது.

பின்னால் அவன் பெருமூச்சு விட்டது என் கழுத்தில் பட்டது.

"அவ்வளவுதானே. மில் ஓடேக்க உது குருடுதானே பிள்ளை. விடு. செத்தவன் செத்திட்டான்."

நான் திரும்பவில்லை. மில் ஓடினால் கமரா குருடு என்று இவனுக்கு யார் சொன்னது? எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அண்ணன் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பான், பக்கத்துக் காணிப் பகிடியையும் சேர்த்து இவன் முகத்துக்கு நேரேயே சொல்லியிருப்பான். அந்த நேரம் கறுப்பு போய், அடுத்த படம் தானாகத் தொடங்கியது. நாலு மணி ஆறு நிமிடம்.

மில் நின்றிருந்தது. அண்ணன் ஸ்ராட்டருக்குக் கீழே தரையில் கிடந்தான். விரல் போன கையை நெஞ்சோடு வைத்திருந்தான். மற்றக் கையால் ஒரு காலைக் கட்டிப் பிடித்திருந்தான். ஜெயசுதனின் கால். மேலில் சட்டை இல்லை, முகத்தில் துணி இல்லை. குருட்டுக் கமராவுக்கு எதற்குத் துணி? கையில் கொடுவாக்கத்தி. அவன் முகம், கண், மார்பெல்லாம் சிவப்பாக மிளகாய்த்தூள், கண்ணிலிருந்து நீர் ஓடியது. அண்ணன் அள்ளி எறிந்திருக்கிறான். அந்தக் கண்ணைத்தான் ஆஸ்பத்திரி வாசலில் பார்த்து நாங்கள் உருகினோம்.

சத்தமில்லாத படம். கத்தி தோளில் இறங்கியது. கழுத்தில் இறங்கியது. காலை விடுவிக்க உதறி உதறி வெட்டினான். அண்ணன் வெட்டுகிறவனைப் பார்க்கவே இல்லை. தலையை நிமிர்த்தி நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கமராவை, அதற்குக் கீழே தட்டில் இருந்த பெட்டியை. ஐந்து வெட்டு நான் எண்ணினேன். பிறகு கையை விட்டான்.

திரைக்குள் இருந்த ஜெயசுதன் நின்றுபோன மில்லைப் பார்த்தான், கமராவைப் பார்த்தான், கண்ணைக் கசக்கிக்கொண்டு தட்டை நோக்கிப் பாய்ந்தான். படம் முடிந்தது.

"கண்ணிலை மிளகாய்த்தூள்" என்றேன். "அழுததாலை சிவந்ததெண்டு நான் நினைச்சன், சுதன் அண்ணை."

ஹெல்மெட் என் வாயில் இறங்கியது. முன்பல் இரண்டு நாக்கில் கிடந்தன. எழும்ப முதல் என் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசையில் அடித்தான், மீண்டும் அடித்தான். மேசை அதிர்ந்ததில் டிஸ்க் டிக், டிக் என்று கத்தத் தொடங்கியது. அந்தச் சத்தம் அவனுக்கு எது பெட்டி என்று காட்டிக்கொடுத்தது. என்னைத் தரையில் தள்ளிவிட்டு டிஸ்க்கைப் பிடுங்கி நிலத்தில் ஓங்கி எறிந்தான். என் சுத்தியலையே எடுத்து, அது தகடாக நெளியும்வரை அடித்தான். "எங்கை, இனி எங்கை" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மேசையில் ஈயம் உருக்குகிற கோல் சூடாக இருந்தது, காலையிலிருந்து அணைக்கவே இல்லை. எடுத்து அவன் பிடரியில் வைத்து அழுத்தினேன். தோல் சீறியது. அவன் மாடு மாதிரிக் கத்திக்கொண்டு திரும்பிச் சுத்தியலை வீசினான், என் இடது கைச் சின்னவிரல் சுள்ளி முறிகிற சத்தத்தோடு முறிந்தது. தொண்டையைப் பிடித்தான். கண் இருண்டது. கைக்குக் கிடைத்த திருப்புளியை அவன் தொடையில் ஏற்றினேன். இழுத்து மீண்டும் ஏற்றினேன். மூன்றாம் முறை எலும்பில் போய் நின்றது, இழுக்க வரவில்லை. அப்போதும் அவன் கையை எடுக்கவில்லை. எனக்கு அண்ணன்தான் நினைவில் வந்தான், இந்தக் கைதானே அவனையும் வெட்டியது என்று.

பக்கத்து வீட்டுக் குணலட்சுமி அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு அந்தத் திருவலையோடேயே ஓடிவந்தார். பல்லுப் பக்கமாக அவன் முதுகில் ஒன்று போட்டார். பிடி தளர்ந்தது. பிறகு ஒழுங்கை முழுதும் வந்துவிட்டது. அவனை இழுத்துக்கொண்டுபோய்ப் லைற்றுக் கம்பத்தில் கட்டினார்கள். யார் யார் அடித்தார்கள் என்று பொலிஸ் பிறகு கேட்டது. யாரையும் தெரியாது என்றேன். என்னை மட்டும் தெரியும். அவன் கொண்டுவந்த ஹெல்மெட்டாலேயே அவன் முகத்தில் அடித்தேன், அவன் தலை தொங்கிய பிறகும் அடித்தேன், குணலட்சுமி அக்கா இடுப்பில் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன். அதற்காக நான் வருந்தவில்லை.

தலையை ஒருமுறை தூக்கி இரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "அடி. நல்லா அடி. அதைத்தான் உடைச்சிட்டனே. கோட்டிலை என்னத்தைக் காட்டப்போறாய்?"

உள்ளே போய் மேசைக்கு அடியிலிருந்து அந்தச் சவர்க்காரக் கட்டியைப் பிய்த்து எடுத்துவந்து அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன்.

"அண்டைக்கும் பிழையான பெட்டி. இண்டைக்கும் பிழையான பெட்டி. நாசமாப் போனவனே."

பல் இல்லாத வாயால் சொன்னதால் பாதிச் சொல் காற்றாகப் போனது. அவனுக்கு விளங்கியது. முகம் அப்படியே விழுந்தது.

ஏழு மாதம் கழித்துச் சாவகச்சேரி நீதிமன்றத்தில் விசாரணைக்கு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். ஜெயசுதனின் வழக்கறிஞர் கெட்டிக்காரர், அதை நான் மறுக்கமாட்டேன். பெட்டியை ஒளித்தது நான், பிரதி எடுத்தது நான், செத்தவனுக்குத் தங்கை நான். அதோடு அந்தப் பதிவு இருபத்தைந்து நிமிடம் கறுத்துக் கிடந்து, தேவையான நாற்பது செக்கன் மட்டும் எப்படி வெளித்தது? என் சொந்தச் சமையல் என்று சொல்லாமல் சொன்னார்.

தலை தடத்தில் எப்படி நிற்கிறது என்று சொன்னேன். அடையாளத்தைச் சொன்னேன், மில் ஆட்டுகிற ஆட்டத்தைச் சொன்னேன், எழுதாமல் நிற்பதைச் சொன்னேன். நீதவான் இரண்டு இடத்தில் நிறுத்தித் திரும்பச் சொல்லவைத்து எழுதிக்கொண்டார். பின்வாங்கில் அண்ணி வெள்ளைச் சீலையில் இருந்தாள்.

"சரி" என்றார் வழக்கறிஞர். "மில் நின்றதால் பதிவு தொடங்கியது. மில்லை நிறுத்தியது யார்?"

"அண்ணை."

"மூன்று எட்டில் திறந்த கதவு. அவருக்கு அப்போது காலில் ஒரு வெட்டும் இல்லை, ஓடித் தப்பியிருக்கலாம். உயிருக்கு ஓடவேண்டிய மனிதன் எதற்கு எட்டு எட்டு எதிர்ப்பக்கம் போய் மில்லை நிறுத்தினார்? நிறுத்திவிட்டு எதற்கு வெட்டுகிறவனின் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்? எந்த மனிதன் இப்படிச் செய்வான்? சொல்லுங்கள்."

கைப்பழக்கம் என்று சொல்லியிருக்கலாம். ஊர் முழுதும் அதைத்தான் நம்பியது, அண்ணியும் அதைத்தான் நம்பினாள். ஆனால் அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்துவிட்டேன். அவன் எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தான் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அது மினுங்கியதைக் கண்டு, வெட்டுகிறவனின் முகம் நன்றாக விழட்டும் என்று இன்னும் ஐந்து வெட்டு வாங்கி, அதற்குப் பிறகுதான் கையை விட்டான்.

"நான் சொன்னனான்" என்றேன்.

"என்ன சொன்னீர்கள்?"

வாய்க்குள் முணுமுணுத்தேன். நீதவான் பேனாவை நிறுத்தி, பதியவேண்டும், சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"ஆரும் வெட்ட வந்தா முதல் மில்லை நிப்பாட்டு. ஏழு செக்கன் பொறு. பிறகு சா."

பின்வாங்கில் அண்ணி எழும்பினாள். என்னைப் பார்த்தாள், பிறகு வெளியே போனாள். வழக்கறிஞர் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார்.

என் அண்ணன் என் சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்டான்.